வெட்டுப்புள்ளி

லண்டனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்கு ஆண்டுதோறும் மூவாயிரம் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். இடம் இருப்பது முந்நூறு பேருக்கு. மிச்சப் பேருக்கு ‘மன்னிக்கவும்’ என்று கடிதம் அனுப்புவதுதான் நகுலேஸ்வரியின் வேலை.

கடிதத்தை அவள் எழுதுவதில்லை. அது எப்போதோ யாரோ எழுதி வைத்தது. பெயர் சரியா, பிறந்த தேதி சரியா என்று பார்த்து, பிள்ளைகள் கோடையில் எழுதிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை விண்ணப்பத்தோடு பொருத்தி, கீழே நிற்பவர்களைப் பட்டியலாக்கிப் பட்டனை அழுத்த வேண்டும். அனுமதி அலுவலகத்தில் எட்டு வருடமாக இதைச் செய்கிறாள். பட்டனை ஒருமுறை தட்டினால் நானூறு வீடுகளில் போன் கிணுங்கும் என்பதை முதல் வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. ஸ்ட்ரெதமில் மூன்றாம் மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறாள். கணவர் ஞானேஸ்வரன் ஜெர்மனியில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பன்னிரண்டு வருடம் நின்றவர். மகளுக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று குடும்பத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தார். இங்கே வந்து பதின்மூன்றாம் வருடம், வேலைக்குப் புறப்படச் சப்பாத்துக்கு நாடா கட்டும்போது மாரடைப்பு வந்து போய்விட்டார். மகள் கௌசி மெல்பேர்னில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் வருவாள். சாப்பிட்டாச்சா, கால் நோவு எப்படி, வேலை எப்படி, அங்கே குளிரா என்று நான்கு கேள்வி கேட்பாள். நான்குக்கும் பதில் சொல்லி முடிந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கௌசி, “சரி அம்மா, வைக்கிறன்” என்பாள்.

அலுவலகத்தில் அவளுடைய பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. ‘நாக்’ என்று சுருக்கிவிட்டார்கள். அவளும் திருத்தவில்லை.

வெட்டுப்புள்ளி என்பது அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த சொல். அதற்குக் கீழே நிற்பவர்களை வெட்டிவிடுவார்கள். அதனால் அந்தப் பெயர். இந்த அலுவலகத்தில் வெட்டுப்புள்ளி இரண்டு இருந்தது. பொதுவாக இரண்டாயிரத்து நூறு. ஆனால் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பச்சைக் கொடி ஒன்று விழுந்திருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது போதும். பரீட்சைப் பெறுபேறு குறைந்த பள்ளிக்கூடங்களில், மருத்துவம் படிக்க முன்னே யாரும் போயிராத பள்ளிக்கூடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கொடி. கம்ப்யூட்டரே பள்ளிக்கூடத்தின் இலக்கத்தைப் பார்த்து அதைப் போட்டுவிடும். காசு கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போன பிள்ளையையும், சொல்லித்தர ஆளில்லாமல் தானாகப் படித்த பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தக்கூடாது என்பது அவர்களுடைய நியாயம்.

நகுலேஸ்வரிக்கு அந்தக் கொடியைப் பிடிக்காது. எட்டு வருடத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தாள். ஆனால் இரண்டாயிரத்துத் தொண்ணூறு எடுத்த பிள்ளைக்கு மறுப்பும், இரண்டாயிரம் எடுத்த பிள்ளைக்கு நேர்முகமும் போகும் ஒவ்வொரு முறையும் புள்ளி எண்டால் புள்ளிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. அன்றைக்கு அழைப்புகளை எடுக்கும் முறை அவளுடையது. ஒரு பெண்பிள்ளை. பள்ளிக்கூட நடைவழியிலிருந்து பேசினாள் போல; பின்னால் கதவுகள் அடிபடும் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன. பெயர் ஹோதன் என்றாள்.

“நேற்று எனக்கு மறுப்புக் கடிதம் வந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா?” என்றாள் ஆங்கிலத்தில். கேட்க வேண்டியதை எழுதி வைத்து வாசிப்பவளின் நிதானம் குரலில் இருந்தது. “என்னுடைய மதிப்பெண் இரண்டாயிரத்து நாற்பது. என் பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது என்று உங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது. நான் தவறாக வாசித்துவிட்டேனா?”

தனிப்பட்ட முடிவுகளைப் பற்றிப் பேச இயலாது, முடிவு இறுதியானது என்று நகுலேஸ்வரி சொன்னாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அலுவலகம் தந்த தாளில் இருந்தது.

“முடிவை மாற்றச் சொல்லவில்லை. நான் தவறாக வாசித்தேனா என்று மட்டும் சொன்னால் போதும்.”

“மன்னிக்க வேண்டும். என்னால் சொல்ல முடியாது.”

“சரி. உங்கள் நேரத்துக்கு நன்றி” என்று பிள்ளை போனை வைத்தாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனது உறுத்தியது.

நகுலேஸ்வரி அந்த விண்ணப்பத்தைத் திறந்தாள். மதிப்பெண் பிள்ளை சொன்னதேதான். கொடி இல்லை. பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்ததும் எந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி இருக்கிற பள்ளி. வருடக்கணக்காக நல்ல பெயரில்லாத இடம். போன வருடம் ஏதோ ஓர் அறக்கட்டளை அதை எடுத்து, பழைய பலகையைக் கழற்றி நீல நிறத்தில் புதுப் பெயர் எழுதி மாட்டியது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாள். பெயர் மாறியபோது பள்ளியின் இலக்கமும் மாறியிருக்கிறது. புது இலக்கத்துக்குப் பழைய பெறுபேறு எதுவும் கிடையாது. ‘தரவு இல்லை’ என்று கம்ப்யூட்டர் காட்டியது. தரவு இல்லையென்றால் கொடி இல்லை. கட்டடம் அதே கட்டடம், ஆசிரியர்கள் அதே ஆசிரியர்கள், பிள்ளைகளும் அதே பிள்ளைகள்.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நான்கு நிமிடம் ஆனது. திரையை மூடிவிட்டு அடுத்த போனை எடுத்தாள்.

செவ்வாய் போனது, புதன் போனது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கொடி விழாததால் அந்தப் பிள்ளை எல்லோரையும் போலத்தானே பார்க்கப்பட்டாள், எல்லோரையும் போலத்தானே வெட்டுப்பட்டாள், அதில் என்ன பிழை என்று தனக்குள் வாதாடினாள். அந்த வாதம் அவளுக்குப் பழக்கமானது. முப்பத்தைந்து வருடமாக அதே வாதத்தைத்தான் மனதுக்குள் வேறு ஒருத்தியோடு நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருத்தியின் பெயர் ஜெஸ்ரின்.

நகுலேஸ்வரி யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியபோது நான்கு பாடத்துக்கும் சேர்த்து இருநூற்று அறுபத்தொன்பது புள்ளி எடுத்தாள். அந்த வருடம் யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி இருநூற்று எழுபத்தொன்று. இரண்டு புள்ளி குறைவு; காணாது என்றார்கள். வசதி குறைந்த மாவட்டங்களுக்கு வெட்டுப்புள்ளி வேறாக இருந்தது. மன்னாரில் படித்த ஜெஸ்ரின் இருநூற்று முப்பத்தெட்டோடு உள்ளே போனாள்.

ஜெஸ்ரின் முன்பின் தெரியாதவள் என்றால் இந்தக் கோபம் காலத்தோடு தேய்ந்திருக்கும். ஆனால் அவள் பள்ளி விடுமுறைகளில் டியூசனுக்காக யாழ்ப்பாணம் வந்து நகுலேஸ்வரியின் வீட்டில் தங்கியவள். ஒரே பாயில் படுத்தவள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. நகுலேஸ்வரியின் இரசாயனக் கொப்பிகள் மூன்றையும் வரி விடாமல் பார்த்தெழுதி, விளங்காததை அவளிடமே கேட்டுப் படித்தாள்.

முடிவு வந்த கிழமை, சோதனைச் சாவடிகள் எல்லாம் கடந்து ஜெஸ்ரின் வீடு தேடி வந்தாள். தோழிக்குக் கிடைக்கவில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. தனக்கு இடம் கிடைத்ததை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நகுலேஸ்வரி உள்ளே வரச் சொல்லவில்லை.

“புள்ளி காணாத டொக்டரிட்ட ஆரடி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வருவினம்?” என்றாள்.

ஜெஸ்ரின் கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனாள். அதன் பிறகு அவர்கள் பேசவில்லை.

தரப்படுத்தல் என்ற சொல்லை அந்த நாட்களில் பெரியவர்கள் உச்சரித்தாலே குரல் மாறும். தமிழ்ப் பிள்ளைகள் அதிகப் புள்ளி எடுத்தும் வெளியே நிறுத்தப்பட்ட கதை அது. அதில் நியாயமான கோபம் இருந்தது. நகுலேஸ்வரி தன்னுடைய இரண்டு புள்ளியையும் அந்தக் கோபத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மன்னார்ப் பிள்ளை எடுத்தது மன்னாருக்கு ஒதுக்கிய இடத்தை. ஜெஸ்ரின் போகாவிட்டால் இன்னொரு மன்னார்ப் பிள்ளை போயிருக்கும், இவளுக்கு வந்திராது. இது விளங்காத அளவுக்கு நகுலேஸ்வரி மொக்கு இல்லை. ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளைத் துடைத்துக்கொண்டிருந்த வருடங்களிலேயே விளங்கிவிட்டது. விளங்கினாலும் கோபத்தை விட முடியவில்லை. அதை விட்டால், வைத்தியராகாமல் போனதற்குக் குற்றம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போய்விடும்.

ஜெஸ்ரின் வைத்தியராகி, லண்டன் வந்து, சட்டன் என்ற புறநகரில் வீடு வாங்கி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். நான்கு வருடத்துக்கு முன் ஜெஸ்ரினின் மகளுடைய கலியாண அழைப்பு ஒன்று தபாலில் வந்தது. ‘நீ வந்தால் சந்தோசம்’ என்று அடியில் பேனையால் எழுதியிருந்தது. நகுலேஸ்வரி போகவில்லை, பதிலும் போடவில்லை. அழைப்பை எறியவும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அலுவலகச் சமையலறையில் ஸ்ரீநிதி தனியாக நின்று சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். வேலூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயது. விண்ணப்பத் தரவுகளைப் பராமரிக்கும் வேலை அவளுடையது. அந்தக் கட்டடத்தில் நகுலேஸ்வரியோடு தமிழில் பேசக்கூடிய ஒரே ஆள். ஆனாலும் இருவரும் மழையையும் ரயிலையும் தவிர வேறு எதையும் பேசிக்கொண்டதில்லை.

“ஸ்ரீநிதி, ஒண்டு கேக்கலாமோ?” என்றாள் நகுலேஸ்வரி. “இந்தப் பச்சைக் கொடி சரியெண்டு நீர் நினைக்கிறீரோ?”

ஸ்ரீநிதி சிரித்தாள். “என்னக்கா திடீர்னு? நானே கோட்டாவுல வந்தவதான். எங்கப்பா பஸ் கண்டக்டர். கட் ஆஃப் நாலு மார்க் கம்மி எனக்கு. கோட்டா இல்லைன்னா இன்ஜினியரிங் காலேஜ் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“ஏன் சொல்லாம? நிறையப் பேர் சொன்னாங்க. அதெல்லாம் மறந்துபோச்சு.” சூடான டப்பாவை எடுத்துத் திறந்தாள். “ஒருத்தி மட்டும் மறக்கல. என் ரூம்மேட். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவோம். ஃபைனல் இயர்ல எனக்கு வேலை கிடைச்சுது, அவளுக்குக் கிடைக்கல. ‘இங்கயும் கோட்டாவா’ன்னு கேட்டா. ஒரே ஒரு தடவைதான் கேட்டா. இன்னைக்கு வரைக்கும் புதுசா ஒரு வேலைக்குப் போற முதல் நாள் அவ குரல்தான் கேக்கும்.”

நகுலேஸ்வரி கையிலிருந்த கோப்பையைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

“ஏங்க்கா, என்னாச்சு?”

“வாரும். உமக்கு ஒண்டு காட்டுறன்.”

ஹோதனின் பள்ளியிலிருந்து ஒன்பது பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஸ்ரீநிதி பழைய இலக்கத்தைப் போட்டுப் பார்த்தபோது ஒன்பது பேருக்கும் கொடி விழுந்தது. அதில் ஆறு பேர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு மேல். ஆறு பேருக்கும் மறுப்புக் கடிதம் போயிருந்தது. நகுலேஸ்வரியின் பட்டன்தான் அனுப்பியது.

“ஆமா, நம்ம தப்புதான்” என்றாள் ஸ்ரீநிதி மெதுவாக. “ஆனா பிலிப்பா சந்தோஷப்பட மாட்டாங்க.”

பிலிப்பா அவர்களுடைய மேலதிகாரி. கெட்ட பெண் அல்ல, களைத்துப்போன பெண். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். கடிதங்கள் போய்விட்டன, நேர்முகத்துக்கான நாட்கள் நிரம்பிவிட்டன, நேர்முகம் நடத்தும் வைத்தியர்களை இனிப் பிடிக்க முடியாது, அடுத்த வருடத்துக்குள் இந்தக் கோளாறைத் திருத்திவிடலாம் என்றாள்.

“அடுத்த வருடம் வருவது வேறு பிள்ளைகள்” என்றாள் நகுலேஸ்வரி.

“இவர்கள் திரும்பவும் விண்ணப்பிக்கலாமே, நாக்.”

கோபம் வந்தால் நகுலேஸ்வரியின் ஆங்கிலம் தடுக்கி விழும். அன்றைக்கும் தடுக்கியது. ஆனாலும் சொன்னாள். “நான் அவர்களுக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. இந்தக் கொடி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் விதியை எழுதினது நாங்கள். அந்தப் பிள்ளை அதை வாசித்து நம்பியிருக்கிறாள். தவறாக வாசித்தேனா என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.”

பிலிப்பா நெற்றியைத் தேய்த்தாள். “நீ என்ன செய்யப் போகிறாய்?”

“தேர்வுக் குழுத் தலைவருக்கு எழுதப் போகிறேன்.”

“எழுது” என்றாள் பிலிப்பா. “எனக்கும் ஒரு பிரதி போடு.”

எட்டு வருடத்தில் அவள் மேலிடத்துக்கு எழுதிய முதல் மின்னஞ்சல் அது. பதினொரு வரி. ஸ்ரீநிதி இலக்கணம் பார்த்துக் கொடுத்தாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஆறு பேரையும் நேர்முகத்துக்கு அழைப்பதென்றும், அதற்காக ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அலுவலகத்தைத் திறப்பதென்றும் முடிவு.

அந்தச் சனிக்கிழமைக்கு நான்கு பேர் தங்கள் விடுமுறையை விட வேண்டியிருந்தது. யாரும் அவளை நேரில் குறை சொல்லவில்லை. ஆனால் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும்போது ‘உனக்கும் ஒன்று போடவா, நாக்?’ என்று கேட்பது நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு முந்திய மதிய விருந்தில் அவள் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் எல்லோருடைய கோட்டுகளும் குவிந்து கிடந்தன. ஸ்ரீநிதி அப்போது விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தாள். நகுலேஸ்வரி கோட்டுகளுக்குப் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடே வீட்டுக்குப் போனாள்.

ஜனவரிச் சனிக்கிழமை வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்றது அவள்தான். ஹோதன் நாற்பது நிமிடம் முந்தியே வந்துவிட்டாள். உயரமான பிள்ளை. கறுப்புக் கோட்டு, கறுப்புத் தலைத்துணி, பளபளவென்று துடைத்த சப்பாத்து. பெயர் அட்டையை வாங்கிக் குத்திக்கொண்டே நகுலேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள்.

“நாங்கள் போனில் பேசியிருக்கிறோமா? உங்கள் குரல் தெரிந்த மாதிரி இருக்கிறது.”

நான்தான் என்று நகுலேஸ்வரிக்கு வாய் வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் பிள்ளை நன்றி சொல்லும். இரண்டாம் தரமும் அந்த நன்றியை வாங்க அவளுக்குத் துணிவில்லை.

“இங்கே நிறையப் பேர் போன் எடுப்பார்கள்” என்றாள். “தண்ணீர் அந்தப் பக்கம் இருக்கிறது. உட்காருங்கள்.”

மார்ச்சில் முடிவு வந்தது. ஆறு பேரில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. ஹோதனுக்குக் கிடைக்கவில்லை. நேர்முகத்தில் மூன்று புள்ளி காணாது. நகுலேஸ்வரி அந்தத் தாள்களை இரண்டு தரம் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் கேட்ட கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் போட்ட மாதிரித்தான் புள்ளி போட்டிருக்கிறார்கள். இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள். இருக்கவில்லை. பட்டியலில் ஹோதனின் பெயர் நடுவில் இருந்தது. பட்டனை அழுத்தினாள்.

பிள்ளை திரும்பப் போன் எடுக்கவில்லை. வேறு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததா, இன்னொரு வருடம் எழுதப் போகிறாளா, நகுலேஸ்வரிக்குத் தெரியாது. அந்த வேலையில் யாருடைய மிச்சக் கதையும் தெரியவராது. கிடைத்த இரண்டு பேரும் தங்கள் இடத்தை உறுதி செய்துவிட்டார்கள் என்று ஸ்ரீநிதி வந்து சொன்னாள். “உங்களாலதான்க்கா” என்றாள். நகுலேஸ்வரி தலையை ஆட்டினாள். அந்த இரண்டு பேரின் முகத்தையும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. ஹோதனின் சப்பாத்துத்தான் வந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை, கலியாண அழைப்பு வந்த உறையை அலுமாரியிலிருந்து எடுத்தாள். பின்பக்கத்தில் விலாசம் இருந்தது. ஸ்ட்ரெதம் ஸ்டேஷனில் சட்டனுக்கு ரயில் ஏறினாள். என்ன சொல்வது என்று வழியில் யோசித்துப் பார்த்தாள். சட்டன் வந்துவிட்டது, சொல்ல ஒன்றும் வரவில்லை.

கதவைத் திறந்தது ஜெஸ்ரின்தான். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள், முழுக்க நரை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

“நகுலாவோ?”

“ஓம்.”

“உள்ளுக்கு வா” என்றாள் ஜெஸ்ரின். கட்டிப்பிடிக்கவில்லை. கையைப் பிடிக்கவும் இல்லை. நகுலேஸ்வரி குனிந்து சப்பாத்தைக் கழற்றப் போனபோது, “பரவாயில்லை, போட்டுக்கொண்டே வா” என்றாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஜெஸ்ரின் தேத்தண்ணி போட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“இப்ப ஏன் வந்தனீ?”

“மன்னிப்புக் கேக்க.”

“முப்பத்தஞ்சு வருசம் போட்டுது.”

“தெரியும்.”

ஜெஸ்ரின் யன்னலைப் பார்த்தாள். “முதலாம் வருசம் அனற்றமிப் பாடத்தில பெயில் விட்டனான். பிரேத அறைக்குள்ள நிண்டு அழேக்க உன்ர சத்தம்தான் கேட்டுது. பிறகு பாஸ் பண்ணினன், இஞ்ச வந்து இவங்கட சோதினையளும் பாஸ் பண்ணினன். அப்பவும் கேட்டுது. இப்பவும் ஒரு வருத்தக்காரர் ‘வேற டொக்டரைப் பாக்கலாமோ’ எண்டு கேட்டால் எனக்கு அதுதான் முதல்ல கேக்கும்.”

கோப்பையைப் பிடித்திருந்த நகுலேஸ்வரியின் கை சுட்டது. எடுக்கவில்லை.

“உன்ர கொப்பியள் இல்லாட்டி எனக்கு அந்த இருநூத்தி முப்பத்தெட்டும் வந்திராது. இதை நான் ஆருக்கும் ஒளிச்சதில்லை. என்ர பிள்ளையளுக்கும் சொல்லியிருக்கிறன். படிப்பிச்சதும் நீதான், அப்பிடிச் சொன்னதும் நீதான். வேற ஆரும் சொல்லியிருந்தால் எப்பவோ மறந்திருப்பன்.”

“கலியாணத்துக்கு வந்திருக்கோணும் நான்.”

“ஓம். வருவாய் எண்டு நினைச்சனான்.”

பிறகு ஞானேஸ்வரன் இறந்ததைப் பற்றி ஜெஸ்ரின் கேட்டாள். கௌசியைப் பற்றிக் கேட்டாள். வேலையைப் பற்றிக் கேட்டபோது நகுலேஸ்வரி ஹோதனைப் பற்றிச் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை, போன் வந்ததையும், பலகை மாறியதையும், ஆறு பேரையும், மூன்று புள்ளியையும் சொன்னாள். ஜெஸ்ரின் தேத்தண்ணியை மறந்து கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு ஆரும் சொன்னவையோ, திரும்பவும் எழுது, உனக்கு ஏலும் எண்டு?”

“எங்களுக்கு அப்பிடிச் சொல்ல அனுமதியில்லை.”

“ம்” என்றாள் ஜெஸ்ரின். “உனக்கும் அண்டைக்கு ஆரும் சொல்லேல்லை, என்ன?”

நகுலேஸ்வரிக்கு அழுகை வந்தது. அவளே எதிர்பாராத அழுகை. இரண்டாம் தரம் எழுது என்று ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மை. போர் என்றார்கள், வயது என்றார்கள், ஜெர்மனியில் நல்ல சம்பந்தம் என்றார்கள். ஜெஸ்ரின் எழுந்து வரவில்லை. கைதுடைக்கும் கடதாசிப் பெட்டியை மேசையில் நகர்த்தி அவள் பக்கமாக வைத்துவிட்டு, அழுது முடியும்வரை இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மகளும் மருமகனும் சாப்பிட வருவார்கள் என்று ஜெஸ்ரின் சொன்னாள். இருந்து சாப்பிடு என்று சொல்லவில்லை. நகுலேஸ்வரி எழுந்தாள். வாசலில் ஜெஸ்ரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மன்னிச்சுப் போட்டன் எண்டு எனக்குச் சொல்ல வருகுதில்லை” என்றாள். “பொய் சொல்ல விருப்பமில்லை.”

“பரவாயில்லை.”

“அடுத்த முறை வரேக்க போன் பண்ணிப்போட்டு வா.”

“ஓம். வாறன்.”

ஸ்டேஷனுக்கு நடந்து வந்து மேடையில் நின்ற பிறகுதான், ஜெஸ்ரின் நம்பரைத் தரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இவளும் கேட்கவில்லை. திரும்பிப் போகலாமா என்று யோசித்தாள். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. போய்ச் சேர்வதற்குள் மகளும் மருமகனும் வந்திருப்பார்கள், மேசையில் சாப்பாடு இருக்கும். அந்த நேரம் பார்த்து வாசலில் போய் நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ரயில் வந்தது. ஏறிக்கொண்டாள்.

எதிர் இருக்கையில் ஒரு பெண் போனில் யாரையோ சத்தமாகத் திட்டிக்கொண்டு வந்தாள். என்ன மொழி என்று தெரியவில்லை. திட்டு நடுவில் சிரிப்பாக மாறியது, பிறகு திரும்பவும் திட்டானது. ஸ்ட்ரெதம் வரும்வரை நகுலேஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.